பழுப்புக் கடற்காகத்தின் வயதும் வம்சமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை மணல்திட்டில் அமர்ந்திருந்த பெரிய கடற்காகக் கூட்டத்தின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதில் சாம்பல் முதுகுடைய முதிர்ந்த பறவைகளுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டுப் பழுப்பு நிற இளம்பறவைகளைப் பெயரிடாமல் விட்டது ஏன் என்று பல வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த இளம்பறவைகளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியில் கருத்த அலகும் பழுப்புப் புள்ளிகளும் உடைய பெரிய கடற்காகம் ஒன்றைப் படம் எடுத்தேன். நண்பர் ஒருவர் ஹியூக்ளின் கடற்காகம் என்கிறார். இன்னொருவர் ஸ்டெப்பி கடற்காகம் என்கிறார். என்னிடம் உள்ள கைநூலில் இரண்டின் இளம்பறவைப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்த அடையாளத்தை முதலில் பார்க்க வேண்டும்? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: கைநூலின் மீது குற்றமில்லை, அவை உண்மையிலேயே அவ்வளவு ஒத்திருக்கின்றன. இரண்டுமே சிறிய கருமுதுகுக் கடற்காகம் என்ற ஒரே இனத்தின் துணையினங்களாகத்தான் இன்றைய பட்டியல்கள் பலவற்றில் வைக்கப்பட்டுள்ளன. ஹியூக்ளின், வடதுருவக் கடல் பகுதிகளில் பயணம் செய்த ஜெர்மானியப் பயணி தியோடர் ஃபான் ஹியூக்ளினின் பெயரைத் தாங்கியது; ரஷ்யாவின் வடகோடித் தூந்திரத்தில் கூடு கட்டுகிறது. ஸ்டெப்பி கடற்காகத்தின் அறிவியல் பெயரான பராபென்சிஸ், மேற்குச் சைபீரியாவின் பராபா புல்வெளியிலிருந்து வந்தது. அது தென்மேற்குச் சைபீரியாவிலும் வட கஜகஸ்தானிலும் உள்ள ஏரிகளில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் இரண்டும் அரபிக்கடல், பாரசீக வளைகுடா, இந்தியக் கடற்கரைகள் என்று ஏறத்தாழ ஒரே இடங்களுக்கு வந்து ஒரே கூட்டமாக அமர்கின்றன.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அன்று; ஒவ்வோர் இறகின் வயதை. காரணம் எளியது. புல்வெளி ஏரிகளில் பனி உருகி ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் ஸ்டெப்பி பறவைகள் முட்டையிடத் தொடங்கிவிடுகின்றன. தூந்திரத்தில் ஜூன் மாதம் வரை பனி விலகுவதில்லை. பெரிய கடற்காகங்களின் முட்டை பொரியச் சுமார் நான்கு வாரமும், குஞ்சு பறக்கத் தொடங்க மேலும் ஐந்து அல்லது ஆறு வாரமும் ஆகும். ஆகவே ஸ்டெப்பி குஞ்சு ஜூலையிலேயே முழு இறகோடு பறந்துகொண்டிருக்க, ஹியூக்ளின் குஞ்சு பெரும்பாலும் ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் அந்த நிலையை அடைகிறது. சித்திரையில் தைத்த சட்டையையும் ஆடியில் தைத்த சட்டையையும் கார்த்திகையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது பழையது என்று தெரிவதுபோல, நம் கரைக்கு வரும்போது இந்த ஒன்றரை மாத வேறுபாடு இறகுகளில் எழுதப்பட்டிருக்கும்.

அதை எங்கே படிப்பது? முதுகின் இருபுறமும் இறக்கையின் மேல் விழும் தோளிறகுகளில் தொடங்குங்கள். குஞ்சுப்பருவத் தோளிறகு அடர்பழுப்பு நடுப்பகுதியும், சீரான வெளிர் விளிம்பும் கொண்டது. வரிசை வரிசையாகச் செதில் அடுக்கியது போலத் தோன்றும். அது உதிர்ந்து முளைக்கும் முதல் குளிர்கால இறகு சாம்பல் கலந்த வெளிர் நிறமும், நடுவில் நங்கூர வடிவிலோ கோடாகவோ கருமையும் கொண்டிருக்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஸ்டெப்பி இளம்பறவைகளிற் பெரும்பாலானவை தோளிறகுகளை ஏறக்குறைய முழுவதும் மாற்றி முடித்து, இறக்கையின் மேல் வரிசையாகப் படிந்து மூடும் சிறு இறகுகளான மூடிறகுகளிலும் சிலவற்றைப் புதுப்பித்திருக்கும். அதே நாளில் அருகில் நிற்கும் ஹியூக்ளின் இளம்பறவை குஞ்சுப்பருவ இறகுகளைப் பெருமளவில் அப்படியே வைத்திருப்பது வழக்கம்.

அடுத்து தலையையும் மார்பையும் பாருங்கள். இறகு மாற்றம் முந்திவிட்டதால் ஸ்டெப்பி பறவையின் முகமும் மார்பும் டிசம்பரிலேயே வெண்மையாக இருக்க, பிடரியில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடுகள் கழுத்துப் பட்டை போல் தங்கியிருக்கும். ஹியூக்ளினில் கண்ணைச் சுற்றியும் மார்பின் பக்கங்களிலும் பழுப்பு இன்னும் பரவலாக இருக்கும். பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் ஸ்டெப்பியில் பெரும்பாலும் வெளிறியும், ஹியூக்ளினில் பெரும்பாலும் பழுப்பேறியும் தெரியும். வாலின் கரும்பட்டை ஹியூக்ளினில் சற்று அகலமானது. உருவத்திலும் ஹியூக்ளின் நீண்ட இறக்கையும் கனத்த அலகும் கொண்டதாகவும், ஸ்டெப்பி சற்றுச் சிறியதாகவும் உருண்ட தலையுடையதாகவும் தோன்றும்.

இந்தப் பதிலில் ‘பெரும்பாலும்’ என்ற சொல் பலமுறை வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயல் அன்று. சிறிய உடலுடைய பெண் ஹியூக்ளினும் பெரிய உடலுடைய ஆண் ஸ்டெப்பியும் அளவில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. வால்பட்டையின் அகலமும் அப்படியே. தனியொரு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சொல்பவரின் முடிவை நான் ஏற்பதில்லை. இறகு மாற்றத்தின் நிலை, தலை, அடியிறக்கை, உருவம் ஆகிய நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே பெயரிடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் தோளிறகுகள் முழுவதும் புதியவை, முகம் வெண்மை, மூடிறகுகளில் சில புதியவை. இறக்கை விரிந்த படம் இல்லாததால் அடியிறக்கையைச் சரிபார்க்க முடியவில்லை. ஸ்டெப்பி என்று சொன்ன நண்பரின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் ‘அநேகமாக’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே பறவையை அரைமணி நேர இடைவெளியில் எடுத்த இரு படங்களில் ஒன்றில் அது அடர்பழுப்பாகவும் மற்றொன்றில் வெளிறியும் இருக்கிறது. எதை நம்புவது? (வாசகர், சென்னை)

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். உச்சிவெயிலில் வெண்மணலின் எதிரொளி பறவையின் அடிப்புறத்தை வெளுக்கச் செய்துவிடும். கேமரா அந்த மணலுக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தாலோ அதே பறவை கருத்துவிடும். மேகமூட்டமான நேரத்தில், வேறொரு பறவையும் அதே சட்டகத்தில் வரும்படி எடுத்த படமே நிறத்தை ஒப்பிடப் பயன்படும். இறகின் வடிவம், விளிம்பின் தேய்மானம், புதிய இறகுக்கும் பழைய இறகுக்கும் இடையே தெரியும் எல்லை ஆகியவை ஒளியால் மாறுவதில்லை. நிறத்தைவிட அவற்றை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறகிலுள்ள கருமைக்குக் காரணமான மெலனின் இறகுக்கு உறுதியும் தருகிறது. அதனால் வெளிர் விளிம்புகளும் வெண்புள்ளிகளுமே முதலில் தேய்ந்து உதிரும். மன்னார் வளைகுடாவின் வெயிலில் மூன்று மாதம் கழித்த குஞ்சுப்பருவ இறகு, கைநூலில் வரைந்துள்ள அழகிய விளிம்புகள் எதுவுமின்றி வெளிறிய பழுப்புத் துண்டாக நிற்கும். பிப்ரவரிப் பறவையை அக்டோபர்ப் படத்தோடு ஒப்பிடுவது வீண் வேலை.

கேள்வி: எங்கள் கரையில் மார்ச் மாதத்தில்தான் இவை கூட்டமாகத் தங்கி நிற்கின்றன. அப்பொழுதும் நீங்கள் சொல்லும் இறகு மாற்ற வேறுபாடு செல்லுமா? இரண்டாம் ஆண்டுப் பறவைகளை எப்படிப் பிரிப்பது? (வாசகர், தலைமன்னார்)

பதில்: முதல் ஆண்டுப் பறவைகளைப் பொறுத்தவரை, மார்ச் மாதம் மிகவும் கடினமான மாதம். பின்தங்கியிருந்த ஹியூக்ளின் இளம்பறவைகளும் அதற்குள் தோளிறகுகளையும் மூடிறகுகளிற் பலவற்றையும் மாற்றி, ஸ்டெப்பியை எட்டிப் பிடித்துவிடுகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை எழுத்துப்போலத் தெளிவாக இருந்த வேறுபாடு அப்பொழுது மங்கிவிடும். எனவே மார்ச் மாதத்தில் அடியிறக்கை, உருவம் ஆகியவற்றுக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவை எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் ஆண்டுப் பறவையை முதலில் வயதால் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் ஆண்டுப் பறவையின் இறக்கை நுனி இறகுகள் கூர்மையாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் முளைப்பவை நுனி மழுங்கி உருண்டிருக்கும். அலகின் அடிப்பகுதி வெளிறத் தொடங்கியிருக்கும். மூடிறகுகளில் சீரான செதில் ஒழுங்கு போய், நுண்ணிய, ஒழுங்கற்ற பொறிகள் வந்திருக்கும். கால்கள் இன்னும் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறமாகவே இருக்கும். முதிர்ந்தவற்றின் மஞ்சளுக்கு இன்னும் காலம் உண்டு. பெரிய கடற்காகங்கள் முழு முதிர்ச்சித் தோற்றத்தை அடைய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

வயது உறுதியானபின் ஒரு நல்ல செய்தி: இரண்டாம் குளிர்காலத்தில் முதுகில் முதிர்ந்த பறவைக்குரிய சாம்பல் இறகுகள் முளைக்கத் தொடங்குகின்றன. அந்தச் சாம்பலின் அடர்த்தியை அதே கூட்டத்தில் நிற்கும் முதிர்ந்த பறவைகளின் முதுகோடு ஒப்பிடலாம். கடற்காக ஆர்வலர்கள் இதற்குக் கோடாக் நிறுவனத்தின் சாம்பல் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்; அதில் 0 வெண்மை, 19 கருமை. ஸ்டெப்பியின் முதுகு ஏறக்குறைய 7 முதல் 8.5 வரையிலும், ஹியூக்ளினின் முதுகு ஏறக்குறைய 8 முதல் 10 வரையிலும் அமைகின்றன. இரண்டும் 8-ஐ ஒட்டி ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். கூட்டத்தின் இரு ஓரங்களில் உள்ள மிக வெளிறியதும் மிகக் கருத்ததும் எளிதில் பிரியும். நடுவில் நிற்பவை பிரியா.

முதிர்ந்த பறவைகளும் நாட்காட்டி தருகின்றன என்பதால் அவற்றையும் விடாதீர்கள். இறக்கை நுனியை ஆக்கும் பத்து நீண்ட இறகுகள் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைக்கும். ஸ்டெப்பி பறவைகளில் இந்த மாற்றம் நடுக்குளிர்காலத்தோடு பெரும்பாலும் முடிந்துவிட, ஹியூக்ளின் பறவைகளில் பிப்ரவரியிலும் வெளியோரத்து இறகுகள் பாதி வளர்ந்த நிலையில் நிற்பதைக் காணலாம். தலைமன்னாரில் மீன் இறங்கும் இடத்தில் இரைக்காக அவை மோதிப் பறக்கும்போது, இறக்கை விரிந்த படங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

கேள்வி: கடற்காகங்கள் வடதுருவத்தைச் சுற்றி வளையம் போலப் பரவி, இரு முனைகளும் ஐரோப்பாவில் சந்திக்கும்போது தனித்தனி இனமாக நடந்துகொள்கின்றன என்று உயிரியல் வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அப்படியானால் ஹியூக்ளினும் ஸ்டெப்பியும் அந்த வளையத்தின் கண்ணிகளா? மரபணுவைச் சோதித்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, நீங்கள் கற்பித்தது அந்நாளைய பாடநூல்கள் எல்லாவற்றிலும் இருந்த விளக்கம், எர்ன்ஸ்ட் மேயர் அதைப் புகழ்பெறச் செய்தார். 2004-இல் லீபர்ஸ், டி நைஃப், ஹெல்பிக் ஆகிய மூவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு அந்த வளையத்தை உடைத்துவிட்டது. கடற்காகங்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பித் துருவத்தைச் சுற்றி வரவில்லை. வட அட்லாண்டிக் கரையிலும், ஆரல்-காஸ்பியன் கடல்களை ஒட்டிய உள்நாட்டுப் பகுதியிலும் என இரு புகலிடங்களிலிருந்து பரவின என்பது அவர்களின் முடிவு. அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து வளையத்தை மூடியதற்குச் சான்று இல்லை.

ஹியூக்ளினும் ஸ்டெப்பியும் அந்த உள்நாட்டுக் கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவினர்கள். மிக அண்மைக்காலத்தில் பிரிந்தவை என்பதால் தாய்வழி மரபணுவின் வடிவங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகையால் உதிர்ந்த ஓர் இறகை ஆய்வகத்துக்கு அனுப்பி எளிதாகப் பெயர் பெற்றுவிட முடியாது. கண்ணால் பார்ப்பவருக்குக் கடினமாக இருப்பதும், மரபணுவைப் படிப்பவருக்குக் கடினமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். இவற்றைத் தனி இனங்கள் என்று கொண்ட அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பறவையின் தோளிறகில் உள்ள சான்று மாறப்போவதில்லை.

கேள்வி: இறகு மாற்றத்தின் காலத்தை வைத்துத் துணையினத்தைச் சொல்வது ஊகம்போலத் தோன்றுகிறது. எங்கேனும் அது சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நியாயமான ஐயம். சரிபார்க்க ஒரே வழி, கூட்டிலேயே குஞ்சின் காலில் வளையமிட்டு, பின்னர் அதை வேறிடத்தில் கண்டு இறகுகளைப் பதிவு செய்வதுதான். இதே இனத்தின் மற்றொரு துணையினமான பால்டிக் கடற்காகத்தில் அது சிறப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. பின்லாந்தில் நிறவளையம் பூட்டப்பட்ட ஏராளமான பறவைகள், தம்பரே நகரின் குப்பைமேட்டுக்கு இரைதேடி வரும்போது ஆண்டுதோறும் படம் பிடிக்கப்பட்டன.

அங்கே வெளிப்பட்ட செய்தி சுவையானது. பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் கூடு கட்டும் துணையினம் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்கு ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதன் ஓராண்டுப் பறவை அடுத்த கோடைக்காலத்திலும் தேய்ந்துபோன குஞ்சுப்பருவ நுனியிறகுகளோடுதான் தொடங்குகிறது. பால்டிக் பறவையோ கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கிறது. அவ்வளவு நீண்ட பயணத்துக்குத் தேய்ந்த இறகுகள் போதாதோ என்னவோ, அதன் ஓராண்டுப் பறவைகள் பல, குளிர்காலத்திலேயே நுனியிறகுகளைப் புதுப்பித்துக்கொண்டு பளபளக்கும் கரிய இறக்கையோடு வடக்கே திரும்புகின்றன. மே மாதத்தில் பின்லாந்தில் ஓராண்டுப் பறவையின் இறக்கை நுனியைப் பார்த்தே அது எங்கே குளிர்காலம் கழித்தது என்று ஓரளவு சொல்ல முடிகிறது. இதிலும் விதிவிலக்குகள் உண்டு. இடைப்பட்ட துணையினத்தின் சில பறவைகளும் இப்படிச் செய்கின்றன. ஆனால் இறகு மாற்றத்தின் காலம், பிறந்த இடத்தோடும் பயணத்தோடும் பிணைந்தது என்ற அடிப்படை, வளையமிட்ட பறவைகளால் உறுதிப்பட்ட ஒன்று, ஊகமல்ல.

கேள்வி: துணையினம் இருக்கட்டும், எனக்கு இனமே குழம்புகிறது. பழுப்பாக இருக்கும் எல்லாமே ஹியூக்ளின்தானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை. நம் கரைகளில் அதிகம் காணப்படும் பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும் மிகச் சிறியவை. அவற்றின் இளம்பறவைகளுக்குக் கண்ணின் பின்னே ஒரு கரும்புள்ளி இருக்கும். அலகும் காலும் ஆரஞ்சு கலந்திருக்கும். பல்லாஸ் கடற்காகத்தின் இளம்பறவை ஹியூக்ளினைவிடப் பெரியது. சரிந்த நெற்றி, கண்ணைச் சுற்றிக் கரிய நிழல், வெண்மையான வாலின் முனையில் கத்தரித்தாற்போன்ற கரும்பட்டை ஆகியவற்றால் அதைப் பிரித்துவிடலாம். காஸ்பியன் கடற்காகத்தின் இளம்பறவைதான் உண்மையான இடையூறு. நீண்டு மெலிந்த அலகு, இன்னும் வெண்மையான அடியிறக்கை, விரிந்த இறக்கையின் உட்புற நுனியிறகுகளில் தெளிவான வெளிர்ப் பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அதை நினைக்கலாம். ஸ்டெப்பி பறவையிலும் அந்த வெளிர்ப் பகுதி மங்கலாக உண்டு என்பதால், அது ஒன்றை மட்டும் கண்டு தென்கோடியில் காஸ்பியன் என்று அறிவித்துவிட வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியாவிட்டால் பதிவில் என்ன எழுதுவது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: சிறிய கருமுதுகுக் கடற்காகம் என்று இனத்தை மட்டும் எழுதுங்கள், இ-பேர்டு போன்ற பதிவுத் தளங்களில் துணையினம் குறிப்பிடாமல் இனத்தை மட்டும் பதிய வழி உண்டு. அதோடு தேதி, வயது, தோளிறகுகளில் எவ்வளவு பங்கு மாறியிருக்கிறது, மூடிறகுகளில் மாற்றம் தொடங்கியதா, நுனியிறகுகளின் நிலை ஆகியவற்றைக் குறித்து, அமர்ந்த படம் ஒன்றும் இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும் பறக்கும் படங்களும் இணையுங்கள். வால் விரிந்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்க ஓடுவது வேண்டாம். கரைவலை இழுத்து முடிந்தபின் சிதறும் சிறுமீனுக்கு அவை தாமாகவே எழுந்து வரும்.